கேட்டு வாங்கிய கொப்பு

"பொலிஸ் பூத்துருச்சு. பல் டாக்டருக்குத்தான் இந்த வருசம் என்னமோ கோவம்."

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அக்கா வாசல் இஸ்தோப்பில் நின்று இப்படி ஏதாவது சொல்வாள். லயத்துக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டால் மிரண்டு போவார்கள். எங்களுக்கு அது பழகிப்போன பேச்சு. பொலிஸ் என்பது சிவப்பு, பல் டாக்டர் என்பது ஆரஞ்சு. இரண்டும் போகன்விலாச் செடிகள்.

நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தில், குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா லயம் எங்களுடையது. அக்கா எங்களுக்கு மூன்று காம்பரா தள்ளி இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். அப்போது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மற்ற நாட்களில் அவளுக்குத் துணை மகனும் செடிகளும்தான். ஆணியடித்துக் கட்டிய தகரக் கூரையும் கறுத்துப்போன சுவருமாக இருந்த அந்த லயத்தை, ஆடிக் காற்று வீசும் மாதங்களில் கீழ் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். சிவப்பு, ஊதா, ஆரஞ்சு, வெள்ளை, செங்கல் நிறம் என்று முன்பக்கம் முழுக்க எரியும்.

பூ வேண்டுமென்றால் போகன்விலாவைக் காயப்போட வேண்டும். எங்கள் தோட்டத்தில் இது அவளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மற்றவர்கள் ஒரு செடி வைத்தால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, சாணி போட்டு, பச்சைப் பசேலென்று இலையை வளர்த்துவிட்டு, "பூக்கவே மாட்டேங்குதே" என்பார்கள். அக்கா அந்த வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துச் சிரிப்பாள்.

"வயிறு முட்டத் தின்னா தூக்கந்தான வரும்? பூ எப்பிடி வரும்?"

பூத்து ஓய்ந்ததும் பழைய கவ்வாத்துக் கத்தியால் தேயிலையைக் கவ்வாத்துச் செய்வதுபோல ஈவு இரக்கமில்லாமல் வெட்டிவிடுவாள். பென்சில் மொத்தத்தில் முற்றிய கொப்பாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்தில், அடியைச் சரிவாகச் சீவி, மணலும் அடுப்புக் கரித்தூளும் கலந்த பால்மாப் பையில் குத்தி வைப்பாள். பையின் அடியில் நாலு ஓட்டை. "இதுக்குக் கால் நனைஞ்சா ஆகாது" என்பாள். கைகளில் எப்போதும் முள் கீறிய கோடுகள் இருக்கும்.

ஆனால் நான் அவளை நினைத்துக்கொள்வது செடி வளர்த்ததற்காக அல்ல. கேட்டதற்காக.

தோட்டத்தில் பிறந்த எங்களுக்குக் கேட்பது என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆபீசுக்குப் போய் லீவு கேட்க, ஆஸ்பத்திரியில் மருந்துத் துண்டு கேட்க, கடையில் மீதியைக் கேட்க, எல்லாவற்றுக்கும் ஓர் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். போய் இரண்டு பேருமாகத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம். அக்கா அப்படியில்லை. கண்ணில் ஒரு நல்ல நிறம் பட்டுவிட்டால் அது யார் வீட்டு வாசல் என்று பார்க்கமாட்டாள். நேராகப் போய், "ஒரு கொப்பு குடுங்க" என்பாள்.

ஒருமுறை துரை பங்களாக் காவல்காரர் அவளிடம் சொன்னாராம்: "எதுக்கு உள்ள போயி கேக்குற? ஒடிச்சிட்டுப் போ, நான் திரும்பி நின்னுக்கிறேன். திருடுன கொப்புத்தான் சீக்கிரம் வேர் விடும்னு சொல்லுவாங்க."

"திருடுனா அதுக்கு என்னான்னு பேர் வெக்கிறது?" என்று கேட்டாளாம் அக்கா.

அவள் வழக்கம் அதுதான். கொடுத்தவரின் பெயரே செடிக்கு. பதுளையில் பல் பிடுங்கப் போன இடத்தில் வாங்கியது பல் டாக்டர். அதற்கு முள் அதிகம். அடையாள அட்டை தொலைந்ததென்று முறைப்பாடு கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது வாங்கியது பொலிஸ். அன்றைக்குத் துணைக்குப் போயிருந்த என் அம்மா வந்து சொன்ன கதை அது. முறைப்பாட்டை எழுதி முடித்த சார்ஜன்ட், "வேறு என்ன?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அம்மா அவள் முந்தானையை இழுக்க இழுக்க, அக்கா வாசலில் இருந்த சிவப்பைக் காட்டி, "மாத்தயா, அர மல் கஹென் அத்தக் தெனவத?" என்று சிங்களத்திலேயே ஒரு கிளை கேட்டுக் கை நீட்டியிருக்கிறாள். சார்ஜன்ட் ஒரு நிமிடம் முறைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தானே போய் வெட்டிக் கொடுத்தாராம். முள் குத்தியதும் அவர் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த கைதிகூடச் சிரித்தானாம்.

எல்லாரும் கொடுப்பார்கள் என்றில்லை. எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில், "போ போ" என்று விரட்டினார்கள். "சரிங்க, நல்லா இருங்க" என்று வந்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மறுபடி கேட்டாள். மறுபடி விரட்டினார்கள். அடுத்த முறை விடுதிக்காரரே சிரித்துவிட்டார். அந்த ஊதாச் செடிக்குப் பெயர் மூணாந்தடவ.

"வெரட்டுனாங்களே, ஒங்களுக்கு வெக்கமா இல்லையாக்கா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அவங்க செடிய அவங்க தரலன்னாங்க. இதுல நான் எதுக்குத் தம்பி வெக்கப்படணும்?"

அந்தக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. எனக்கு அப்போது கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

எங்கள் தோட்டப் பாடசாலையிலேயே நான் ஆசிரியராக இருந்தேன். வாசுகி டீச்சர் பதுளையிலிருந்து பசறை வழியாக வரும் பஸ்ஸில் தினமும் வருவாள். இரண்டு வருடமாக எங்களுக்குள் விருப்பம். அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க அலுவலகமொன்றில் பெரிய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, பதுளையிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். மனைவி இறந்து நாலு வருடமாகியிருந்தது. மகள்தான் அவருக்கு எல்லாம்.

"நீங்கள் வந்து அப்பாட்டக் கேளுங்கோ" என்பாள் வாசுகி. "அவர் ஓம் எண்டுவாரோ இல்லை எண்டுவாரோ எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கேக்கோணும்."

இரண்டு முறை அவர்கள் வீட்டுக் கேட் வரைக்கும் போனேன். உள்ளே சாய்வு நாற்காலியும், அலுமாரியில் புத்தகங்களும், சுவரில் சட்டம் போட்ட பட்டங்களும் தெரிந்தன. நான் லயத்துக் காம்பராவில் பிறந்தவன். அம்மா அன்றைக்கும் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருந்தாள். 'எந்த இடம்? ஆரின்ர மகன்?' என்று அவர் கேட்பது, கேட்காமலேயே என் காதில் விழுந்தது. இரண்டு முறையும் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஒரு நாள் பாடசாலைத் தோட்டத்தில் செடி வைத்துக் கொடுக்க அக்கா வந்திருந்தாள். அவளோடு பேசிக்கொண்டிருந்த வாசுகி தன் வீட்டுப் போகன்விலாவைப் பற்றிச் சொன்னாள். ஒரே கொப்பில் பாதி வெள்ளையும் பாதி ரோசாவுமாகப் பூக்கும். அம்மா யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டிலிருந்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தது. அம்மா போன பிறகு பூக்கவேயில்லை.

"ரெண்டு நிறமா? ஒரே கொப்புலயா?" அக்காவின் கண் விரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பதுளைக்குப் பஸ் ஏறிவிட்டாள். அது ஐப்பசி மாதம்.

அங்கே நடந்ததை வாசுகி எனக்குப் பிறகு சொன்னாள். அவளுடைய அப்பா வாளியும் கையுமாக அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். கேட்டுக்கு வெளியே நின்று அக்கா வழக்கம்போலக் கேட்டாள்.

"அய்யா, அதுல ஒரு கொப்பு குடுங்க."

"ஏலாது. அது என்ர மனுசி வைச்சது. ஒருத்தரும் தொடேலாது."

"அம்மா வெச்சதா? அப்ப அவங்க பேர்லயே வெச்சிருவேன். பேரு என்னாங்க?"

அவர் வாளியைக் கீழே வைத்தாராம். நாலு வருடமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, மகள் எதிரில் சொன்னால் அவள் அழுவாள் என்று. மகளும் அதே காரணத்துக்காகத்தான் சொல்லவில்லை.

"நாகேஸ்வரி" என்றாராம், யாரோ அலுவலகத்தில் விவரம் கேட்டதுபோல. பிறகு இன்னொரு முறை, மெதுவாக: "நாகேஸ்வரி."

கேட்டைத் திறந்துவிட்டார். அக்கா செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பூ இல்லாமல் எந்தக் கொப்பு எந்த நிறம் என்று சொல்ல முடியாது. முழு வெள்ளையாகவும் போய்விடலாம், முழு ரோசாவாகவும் போய்விடலாம். கடைசியில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெட்டினாள். போகும்போது சொன்னாள்:

"அய்யா, தண்ணிய நிப்பாட்டிருங்க. மேல இருக்கிற இந்தக் காட்டையெல்லாம் வெட்டி விடுங்க. பூத்துரும்."

"உமக்கு வேண்டியதைக் குடுத்தாச்சுத்தானே? போயிட்டு வாரும்" என்று அவர் கேட்டைச் சாத்திவிட்டாராம்.

அந்தக் கொப்பைப் பத்து மாதம் அக்கா வளர்த்ததை நான் பார்த்தேன். கார்த்திகை மழையில் சாக்குக்குக் கீழே வைத்தாள். வேர் பிடித்ததும் பெயின்ட் வாளிக்கு மாற்றினாள். தை மாதம் கிள்ளிவிட்டாள், சித்திரையில் இன்னொரு முறை கிள்ளினாள். ஆனி பிறந்ததும் பட்டினி போடத் தொடங்கினாள். லயத்தில் எல்லாரும், "நாகேஸ்வரி எப்பிடி இருக்கா?" என்று விசாரித்துக்கொண்டே தண்ணீர்ப் பீலிக்குப் போவார்கள். ஆவணி முதல் வாரத்தில் பூத்தது. ஒரு கொத்தில் மூன்று இதழ் வெள்ளை, அடுத்த கொத்தில் மூன்று ரோசா, நடுவில் ஒன்று இரண்டுமாக. அக்கா யாரையும் கூப்பிடவில்லை. செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரட்டு மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவள் வேலைக்குப் பிந்திப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தம்பி, ஞாயித்துக்கெழமை பதுளைக்குப் போகணும். வாளி கனமா இருக்கு. நீ தூக்கிட்டு வா."

நான் எவ்வளவோ சாக்குச் சொன்னேன். கேட்கவில்லை. பஸ்ஸில் நாகேஸ்வரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் முள் கன்னத்தைக் கீறியது.

கேட்டைத் திறந்த வாசுகி என்னைப் பார்த்ததும் வெளிறிப் போனாள். உள்ளிருந்து அவளுடைய அப்பா வந்தார். செடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு விரலால் அந்த இரண்டு நிற இதழைத் தொட்டார்.

"இது அவ வைச்சதுதான்" என்றார். "அதேதான்."

பிறகு அக்கா பேசினாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும்."

"இன்னும் கொப்பு வேணுமோ?"

"இல்லீங்க. இந்தத் தம்பிக்கு ஒங்க மகளக் குடுங்க."

எனக்கு வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. வாசுகி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆர் இவர்?"

"டீச்சரோட ஸ்கூல்லதான் படிச்சுக் குடுக்கிறாரு. எங்க லயத்துப் புள்ள. நல்ல புள்ள. ஒங்க கேட்டு வரைக்கும் ரெண்டு தடவ வந்துட்டு, பயந்துகிட்டுத் திரும்பி வந்துட்டாரு. அதான் நான் கேக்குறேன்."

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு வாய் இல்லையோ?"

"இருக்குங்க சேர்."

"பின்னை ஏன் இவவைக் கேக்க விட்டனீர்?"

"நான் கேக்கச் சொல்லல சேர். செடியக் காட்டத்தான்னு கூட்டிட்டு வந்தாங்க." பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சொன்னேன்: "ஆனா நானுந்தான் கேக்குறேன். எங்கம்மா கொழுந்து பறிக்கிறவங்க. எங்க வீடு லயத்துலதான். வாசுகிய எனக்குக் கட்டிக் குடுங்க சேர்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உனக்கு விருப்பமோ?" என்று மகளைக் கேட்டார்.

"ஓம் அப்பா."

நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யோசிக்கோணும்" என்றார். "செடியை வைச்சிட்டுப் போங்கோ."

"அது முடியாதுங்க" என்றாள் அக்கா. "இது எங்க லயத்துது. பாக்கணும்னா நீங்க வாங்க."

வாளியை என்னிடம் தூக்கச் சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். பஸ்ஸில் எனக்குக் கோபமும் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தன. "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களேக்கா" என்றேன். அவள் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள்.

மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. நான்காவது ஞாயிறு, ஒரு ஆட்டோ எங்கள் தோட்டத்துக் கல் ரோட்டில் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. வாசுகியின் அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. லயமே இஸ்தோப்பில் நின்று பார்த்தது. அந்த நேரம் பார்த்து, நடப்பது ஒன்றும் தெரியாத ஒருத்தி பீலியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டே சத்தம் போட்டாள்:

"அக்கோவ், நாகேஸ்வரிக்குத் தண்ணி ஊத்தவா?"

"அவளுக்கு வேணாம்!" என்று உள்ளிருந்து அக்கா. "நேத்துத்தான் குடிச்சா!"

அவர் அப்படியே நின்றுவிட்டார். முன்பின் பார்த்திராத ஆட்கள், அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோல, அவருடைய மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இஸ்தோப்புப் படியில் மெல்ல உட்கார்ந்தார். அக்கா வந்து ஒவ்வொரு செடியாகக் காட்டினாள். "இவரு பொலிஸ். இவரு பல் டாக்டர், கிட்டப் போகாதீங்க, கடிப்பாரு." மூணாந்தடவ கதையைக் கேட்டபோது அவருக்கு வேட்டி நுனியால் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் காம்பரா வாசலில் அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். நீட்டவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. பெரிய வீட்டு ஆட்கள் சிலர் எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காததை அவள் பார்த்திருக்கிறாள்.

"குடுங்க மதினி" என்றாள் அக்கா. பிறகு அவரைப் பார்த்து, லயம் முழுக்கக் கேட்கும்படி நேராகக் கேட்டாள். "குடிப்பீங்கதான அய்யா?"

அவர் அவளைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். எழுந்து போய் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார். நின்றபடியே குடித்து முடித்தார்.

"சீனி கூடிப்போச்சு" என்றார். "இன்னொண்டு தாங்கோ, சீனி குறைச்சு."

அம்மா உள்ளே ஓடினாள். தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்படியில் அவள் அழுதது வெளியே கேட்டது.

மாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வாசுகியின் அப்பா மறுபடியும் லயத்துக்கு வந்தார். இந்த முறை என்னைத் தேடியோ அம்மாவைத் தேடியோ அல்ல. அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை இஸ்தோப்பில் காத்திருந்தார். கூடையை இறக்கி வைத்தவளிடம் சொன்னார்:

"கலியாண எழுத்துக்குப் பொம்பிளை பக்கம் ஒரு சாட்சி வேணும். எங்களுக்கு இஞ்சை சொந்தக்காரர் குறைவு. நீங்கள் எங்கட பக்கம் நிண்டு கையெழுத்து வைக்கோணும்."

'நீர்' என்று தொடங்கியவர் 'நீங்கள்' என்றார். அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் அவள் அதுவரை கைநாட்டுத்தான் வைத்துவந்தாள்.

"எனக்கு எழுதத் தெரியாதே அய்யா" என்றாள் மெதுவாக.

"ஒரு கிழமை இருக்குத்தானே" என்றார் அவர்.

வாசுகி ஒரு கொப்பியின் முதல் வரியில் அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். அந்தக் கொப்பி ஒரு வாரத்தில் தீர்ந்தது. முதல் பக்கங்களில் எழுத்துகள் வரியை விட்டு நாலா பக்கமும் ஓடின. போகப் போக நின்றன.

கல்யாணத்தன்று பதுளைக் கோயில் மண்டபத்தில் பதிவாளர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். பேனாவைக் கத்தி பிடிப்பதுபோலப் பிடித்துக் குனிந்தாள். மேளக்காரர் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, புள்ளியைக்கூட மறக்காமல் வைத்து முடித்தாள். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசுகியின் அப்பா பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

"வடிவா இருக்கு" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்றாரு தம்பி?"

"அழகா இருக்குன்னு சொல்றாருக்கா."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கச் சிரித்தாள். வாசுகி எவ்வளவு இழுத்தும் தலைப்பை எடுக்கவில்லை. அடுத்த வருடம் அக்கா தன் மகனோடு வவுனியாப் பக்கம் குடிபோய்விட்டாள். எத்தனையோ பேர் வாசலில் அவள் கை நீட்டி நின்றதைப் பார்த்தவன் நான். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.